மேகம் விட்ட மழையும் மண் தொட்ட மழையும்

நிலத்தடி நீர் எந்த மழையில் ஊறியது, முன்பு தட்பவெப்பம் எப்படி இருந்தது என்று அறிய மழைநீரின் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களை, அளக்கிறார்கள். மேகத்தை விட்டுத் தரைக்கு வருவதற்குள்ளேயே அந்த அளவு மாறிவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி.

நம்பிக்கை: ஐசோடோப்பு என்றாலே கதிர்வீச்சு.
உண்மை: இங்கே அளக்கப்படும் டியூட்டிரியமும் (கனமான ஹைட்ரஜன்) ஆக்சிஜன்-18ம் (கனமான ஆக்சிஜன்) கதிர்வீசாதவை. நாம் குடிக்கும் எல்லாத் தண்ணீரிலும் இருக்கின்றன. கடல்நீரில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 156 டியூட்டிரியம். ஐந்நூறு ஆக்சிஜன் அணுக்களுக்கு ஏறக்குறைய ஒன்று ஆக்சிஜன்-18. சாதாரண நீர் மூலக்கூறின் நிறை 18. டியூட்டிரியம் ஒன்று சேர்ந்தால் 19, ஆக்சிஜன்-18 சேர்ந்தால் 20.

நம்பிக்கை: ஆவியானால் அளவுதான் குறையும், மிஞ்சுவது அதே நீர்.
உண்மை: 20 டிகிரி செல்சியஸில் டியூட்டிரியம் கொண்ட மூலக்கூறின் ஆவியழுத்தம் சாதாரண நீருடையதைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு, ஆக்சிஜன்-18 கொண்டதற்குச் சுமார் 1 சதவீதம். லேசானவை முந்திக்கொண்டு போக, கனமானவை துளியில் தங்கும். 1961இல் புவிவேதியியலாளர் ஹார்மன் கிரெய்க் உலக மழைநீருக்கு ஒரு கோடு வரைந்தார்: கடல்நீரிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகல் என்று கணக்கிட்டால், டியூட்டிரிய மதிப்பு, ஆக்சிஜன்-18 மதிப்பின் 8 மடங்குடன் 10 சேர்ந்தது. உலர்காற்றில் விழும் துளியில் நிறை 20 கொண்ட மூலக்கூறு இன்னும் மெதுவாக விலகிச் செல்வதால், அந்தப் பத்து குறைகிறது. வழியில் ஆவியான மழைக்கு அதுவே துப்பு.

நம்பிக்கை: தூறலோ பெருமழையோ, ஒரே மேகத்து நீர் ஒன்றுதான்.
உண்மை: அரை மில்லிமீட்டர் துளி நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் இறங்கும், 5 மில்லிமீட்டர் துளி 9 மீட்டர். மேகம் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் சின்னத் துளிக்கு எட்டு நிமிடம், பெரியதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. சின்னத் துளிக்குக் கன அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பும் அதிகம். அதனால் வறண்ட நாளின் தூறலில் கனமான ஐசோடோப்புகள் கூடுதல். வெப்பமண்டலத்தில் மழை குறைந்த மாதங்களின் நீர் கனத்திருப்பதை 1964இல் டென்மார்க் அறிவியலாளர் வில்லி டான்ஸ்கார்ட் விளக்கியபோது, காரணங்களில் ஒன்றாக இதையும் சொன்னார்.

நம்பிக்கை: காற்று ஈரம் நிறைந்திருந்தால் துளி மாறாது.
உண்மை: துளி சிறுக்காது, ஆனால் மாறும். துளியிலிருந்து மூலக்கூறுகள் வெளியேற, சுற்றியுள்ள நீராவியிலிருந்து வேறு மூலக்கூறுகள் உள்ளே வந்தபடியே இருக்கும். உறைந்த பனித்துகளில் இந்தப் பரிமாற்றம் அநேகமாக நடப்பதில்லை; அது மேகத்தின் கணக்கை அப்படியே சுமந்து வருகிறது.

நம்பிக்கை: வழியில் ஆவியானது ஒரு சொற்பம், அதைத் தள்ளிவிடலாம்.
உண்மை: நாசாவின் ஆரா செயற்கைக்கோளின் அளவீடுகளைக் கொண்டு 2007இல் வெளிவந்த ஆய்வு, வெப்பமண்டல வெப்பச்சலன மேகங்களின் அருகே மழையில் சாதாரணமாக 20 சதவீதமும், சில இடங்களில் 50 சதவீதம் வரையும் விழும்போதே ஆவியாவதாகக் கணித்தது. அந்த ஆவி கீழ்க்காற்றில் கலந்து அடுத்த மழைக்கும் உணவாகிறது.

ஆகவே கிணற்று நீர் கிரெய்க்கின் கோட்டுக்குக் கீழே நின்றால், ஏரியில் தேங்கிக் காய்ந்த நீர் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அந்த ஊர் மழையையும் சேகரித்து அளக்க வேண்டும். சேகரிப்பானிலும் நீர் ஆவியாகும் என்பதால், மேலே பாரஃபின் எண்ணெய் ஒரு படலம் ஊற்றி வைப்பது நல்லது.