வறட்சி தாங்கும் ஸ்பெக்பூம் செடி

மழை குறைந்த நிலத்தில் எச்செடி நிலைக்கும் என்பது குடியானவருக்கு எக்காலத்தும் உள்ள கேள்வி. தென் ஆப்பிரிக்காவின் ஸ்பெக்பூம் என்னும் செடியின் வரலாறு இதற்கு நல்ல பாடமாகும். தமிழ்நாட்டு நாற்றுப் பண்ணைகளில் ‘ஜேடு’ என்னும் பெயரால் தொட்டிகளில் விற்கப்படுவது பெரும்பாலும் இச்செடியே.

செடியின் இயல்பு

கிழக்குக் கேப் மாகாணத்தின் வறண்ட மலைச்சரிவுகள் இதன் பிறப்பிடம். அங்கே இது 4 மீட்டர் உயரம் வரை புதராக வளரும். தண்டு செந்நிறமுடையது, இலைகள் சிறியவை, சதைப்பற்றுள்ளவை, பருப்புக்கீரையைப்போல் புளிப்பவை. வறட்சிக் காலத்தில் இச்செடி பகலில் இலைத் துவாரங்களை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து, கரியமிலவாயுவை ஏற்றுப் புளிப்பாகச் சேமித்து வைக்கும். பொழுது விடிந்ததும் அச்சேமிப்பைக்கொண்டு உணவு செய்துகொள்ளும். இதனால் ஜலம் வெயிலில் வீணாவதில்லை. விடியற்காலையில் இலை மிகுதியாகப் புளிப்பதற்கும் இதுவே காரணம்.

‘ஜேடு’ என்று வேறொரு செடியையும் விற்பதுண்டு. அதன் இலை பெரியது, தடித்தது. அதை உண்ணலாகாது.

போத்து நடும் முறை

கிளுவையைப்போல் இதையும் போத்து வைத்தே பெருக்கலாம். ஒரு சாண் நீளமுள்ள கிளையை வெட்டி, அடி இலைகளை நீக்கி, இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வைக்க வேண்டும். வெட்டுவாய் உலர்ந்து மூடிக்கொண்ட பின்னரே நடுதல் முறை. பச்சை வெட்டுடன் ஈரமண்ணில் ஊன்றினால் அழுகிவிடும்.

தொட்டியின் அடியில் துவாரம் அவசியம். துவாரத்தின்மேல் ஓட்டுச்சில்லை வைத்து, செம்மண்ணும் ஆற்றுமணலும் சமபாகமாகக் கலந்து, சிறிது மக்கிய எரு சேர்த்து நிரப்ப வேண்டும். வீட்டினுள் வைப்பதானால் வெளிச்சம் நன்கு விழும் ஜன்னலருகே வைக்க வேண்டும். தோட்டத்தில் ஜலம் தேங்காத மேட்டு நிலமே ஏற்றது. மண் முழுவதும் காய்ந்த பிறகே ஜலம் விட வேண்டும். இலை சுருங்கினால் தாகம். மஞ்சளித்து உதிர்ந்தால் ஜலம் மிகுதி என்று அறியலாம். தொட்டிச் செடிகள் வறட்சியால் மடிவதைவிட அதிக ஜலத்தால் மடிவதே மிகுதி.

மேய்ச்சலால் வந்த கேடு

அந்நாட்டில் யானைகள் இச்செடியை மேலிருந்து தின்னும். உடைந்து விழும் கிளைகளும், தரையைத் தொட்டுக் கிடக்கும் அடிக்கிளைகளும் வேர்விட்டுப் புதிய செடிகளாகும். ஆதலால் யானை மேய்ந்தும் காடு அழியவில்லை. ஆடோ அடிக்கிளைகளையே முதலில் தின்னும். 1838-ம் வருஷத்தில் அங்கோரா ஆடுகள் அந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டன. ரோமத்திற்கு விலை கிடைத்தபடியால் மந்தைகள் பெருகின. அளவுக்கு மீறிய மேய்ச்சலால் புதர்கள் அழிந்தன. நிழலும் சருகும் நீங்கிய மேல்மண் மழையில் கரைந்தோடிற்று. இவ்வாறு கெட்ட நிலம் 10 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்டது.

ஆடுகளை அப்புறப்படுத்திய பின்னரும் அங்கே புதர் தானாகத் திரும்பவில்லை. 2004-ம் வருஷம் முதல் அரசாங்கத் திட்டத்தின் மூலம் கூலியாட்கள் போத்துக்களை நடலாயினர். உறைபனி விழுந்த பள்ளங்களிலும், பிராணிகள் புகுந்து தின்ற இடங்களிலும் நட்டவற்றில் பல பட்டுப்போயின. காவல் இருந்த இடங்களில் அவை தழைத்தன.

கவனிக்கத்தக்கது

ஒரு தாய்ச்செடி நன்கு வளர்ந்தால் ஊர் முழுவதற்கும் போத்துக் கிடைக்கும், அதற்குச் செலவில்லை. ஆனால் காவல் ஒருவரால் மட்டும் ஆவதன்று. ஒருவர் நட்டதை மற்றொருவர் ஆடு ஒரே நாளில் தின்றுவிடும். ஆகவே பொது நிலத்தில் எச்செடியை நடுவதாயினும், அங்கத்தினர்கள் முதலில் கூடி மேய்ச்சலுக்கு எல்லையும் காவலுக்கு முறையும் ஏற்படுத்திக்கொள்வது அவசியம். குழி தோண்டுவது அதற்குப் பிறகு செய்யவேண்டிய வேலை.