முட்டை விலை தேடி வரட்டும்

நாமக்கல் முட்டை விலை, மேட்டூர் நீர்மட்டம், சேலம் செய்தி என்று காலையில் தளம் தளமாகத் திறந்து, விளம்பரங்களை மூடியே கை சலிக்கிறதா? தளங்கள் தங்கள் புதிய பதிவுகளை வெளியிடும் ஆர்.எஸ்.எஸ். (RSS feed) ஓடையைப் பிடியுங்கள். புதியவை எல்லாம் ஒரே செயலியில் வந்து சேரும்.

1. ஓடைகளைப் படிக்க உதவும் ஃபீட்லி அல்லது இனோரீடர் செயலியை நிறுவுங்கள். இலவசக் கணக்கே வீட்டுத் தேவைக்குத் தாராளம். ஆண்ட்ராய்டு போனில் 'ஃபீடர்' என்றால் கணக்கும் வேண்டாம்.

2. பிபிசி தமிழ் போல விருப்பமான தளத்தின் முகவரியைச் செயலியில் ஒட்டுங்கள். பெரும்பாலும் ஓடையை அதுவே கண்டுபிடித்துவிடும்.

3. ஓடை இல்லாத விஷயமா? கூகுள் கணக்கில் நுழைந்து, கூகுள் அலர்ட்ஸில் 'நாமக்கல் முட்டை விலை' என்று எழுதுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் ஆர்.எஸ்.எஸ். என்பதைத் தேர்ந்தெடுத்து, கிடைக்கும் முகவரியைச் செயலியில் சேர்த்துவிடுங்கள். பண்ணைக்காரர்களுக்கு இதுதான் உருப்படியான வழி. ஆனால் சரக்கை ஏற்றும் முன் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஏனெனில் இந்த ஓடையில் பழைய செய்தியும் கலந்து வரும்.

4. அறிவிப்பு ஒலியை அணையுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுவே தேவலை!

5. ஓடைப் பட்டியலை ஓ.பி.எம்.எல். (OPML) கோப்பாகச் சேமியுங்கள். செயலியை மாற்றினாலும் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதில்லை.