காப்பித் தொட்டியும் நிலைநிறுத்திய நொதியும்

சேலத்துக்கு அணித்தாயுள்ள சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை முதன்முதற் கொணர்ந்தவர், அந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பர். காலம் 1820ஆம் ஆண்டையொட்டியது. ஏற்காடு செல்லும் நாம் ஏரியையும் பனிமூட்டத்தையும் கண்டு மீள்கின்றோம். தோட்டத்துத் தொட்டிகளில் ஓசையின்றி நிகழும் இரசாயன வேலையைக் காண்போர் சிலரே. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பழத்தோலை இயந்திரத்தால் நீக்கிய பின்னும் கொட்டையைச் சுற்றி வழவழப்பான பசை ஒட்டிநிற்கும். அதிலுள்ள முக்கியமான பொருள்களுள் ஒன்று பெக்டின். கொட்டைகளைத் தொட்டியிலிட்டு வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகி, பெக்டினேஸ் முதலிய நொதிகளைச் சுரக்கும். அவை பெக்டினின் நீண்ட சங்கிலியை அறுக்கவே பசை நெகிழ்ந்து கழன்றுபோம். அராபிக்கா வகைக்கு ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரம் வேண்டும். குளிர் மிகுந்தால் இன்னும் நீளும். பொழுது குறைந்தால் பசை எஞ்சும். மிகுந்தாலோ கொட்டை புளித்துக் கெடும்.

பின்பு கொட்டையைக் கழுவுங்கால் நொதியும் நீரோடு போய்விடுகின்றது. நொதியோ பிற பொருளை மாற்றித் தான் செலவாகாத இயல்பினது. அதனைத் தடுத்து நிறுத்தி மீண்டும் வேலைவாங்க இயலாதா?

இயலும். 1916இல் அமெரிக்க அறிஞர் நெல்சன், கிரிஃபின் இருவரும், கரும்புச் சர்க்கரையைப் பிரிக்கும் இன்வர்ட்டேஸ் என்னும் நொதி கரித்தூளில் ஒட்டிக்கொண்ட பின்னும் தன் வேலையைச் செய்தல் கண்டனர். 1969இல் ஜப்பானில் சிபாட்டாவும் அவர் குழுவினரும் நிலைநிறுத்திய நொதியைக் கொண்டு அமினோ அமிலங்களைத் தொழிற்சாலையிலேயே பிரித்தெடுத்தனர்.

நிலைநிறுத்தும் வழிகள் நான்கு: திடப்பொருளின் மேல் ஒட்டவிடுதல், இரசாயனப் பிணைப்பால் கட்டுதல், கடற்பாசியினின்று எடுத்த ஆல்ஜினேட் போன்றவற்றின் மணிகளுள் அடைத்தல், நொதிகளையே ஒன்றோடொன்று பின்னுதல். ஒட்டவிட்டது எளிதிற் கழலும். இறுகக் கட்டியது நெடுநாள் நிற்கும், பெரும்பாலும் வெப்பத்தையும் தாங்கும். ஆயினும் வேலைசெய்யும் இடம் மறைபடின் அதன் ஆற்றல் குன்றும். உறுதியும் ஆற்றலும் ஒருங்கே வாய்த்தல் அரிது. இவ்விரண்டையும் இசைவித்தலே இக்கலையின் உயிர்நிலை.

அங்ஙனமாயின், நொதி மணிகளைக் காப்பித் தொட்டியில் இட்டால் என்னை? அங்கே ஒரு தடையுண்டு. பசை கொட்டையின் மேல் உளது. நொதி மணியின் உள்ளே உளது. இரண்டும் திடப்பொருள், ஒன்று மற்றொன்றினுள் புகாது. ஆதலின் கொட்டைக்கு நீரிற் கரைந்து உலவும் நொதியே ஏற்றது. பழச்சாறு போன்ற நீர்மங்களைத் தெளிவித்தற்கே கட்டுண்ட நொதி பொருந்தும்.

ஆயினும் இம்மலைக்கு இக்கொள்கையால் பயனில்லை என்று எண்ணற்க. சர்க்கரையும் பெக்டினும் மிகுந்த கழுவுநீர் ஓடையிற் கலந்தால், நீரிற் கரைந்துள்ள பிராணவாயு குன்றும்; மீன் முதலிய உயிர்கள் மடியும். நுண்ணுயிர்களைக் கல் முதலியவற்றின் மேல் படரவிட்டு, அவற்றினூடே அந்நீரைச் செலுத்தித் தூய்மை செய்யும் முறையுண்டு. இங்கே நொதிக்குப் பதில் உயிரணு நிலைநிற்கின்றது, தத்துவம் ஒன்றே.

கற்ற முறையை எங்கும் புகுத்துதல் அறிவன்று. அஃது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது எனத் தெளிதலே அறிவு. அடுத்த முறை ஏற்காடு செல்லும்போது, ஏரியோடு அத்தொட்டியையும், அதினின்று நீர் வடியும் ஓடையையும் காண்போமாக.