சிறு பட்டறையில் பிளாஸ்மா வெட்டு மேசை: திட்டமிடலும் பாகத் தேர்வும்

இரும்புக் கதவு, கிரில், டிராக்டர் டிரெய்லர், கலப்பைக் கொழு ஆகியவற்றைச் செய்து தரும் சிறு பட்டறை இல்லாத ஊர் நம் நாட்டில் அரிது. இப்பட்டறைகள் பலவற்றில் தகடு இன்றும் கையில் பிடித்த வாயு டார்ச்சினாலேயே வெட்டப்படுகிறது. வெட்டிய விளிம்பைச் சாணை பிடித்துச் சீராக்கும் உழைப்பு, வெட்டும் உழைப்பை விஞ்சுவதும் உண்டு. கணினியின் ஆணைப்படி டார்ச்சை நகர்த்தும் சி.என்.சி. பிளாஸ்மா மேசை இக்குறையைப் போக்க வல்லது. ஆயத்த இயந்திரத்தை வாங்க இயலாத பட்டறை, பாகங்களைத் திரட்டித் தானே ஒன்றை அமைத்துக்கொள்ளவும் கூடும். ஆனால், தேர்வில் முறை தவறினால் கடன் பெற்று இட்ட முதல் மூலையில் முடங்கும். எனவே, எதனை முதலில் தீர்மானிப்பது என்பதே இங்கு முதன்மையான வினாவாகும்.

வேலையே அளவுகோல்

மோட்டாரை விலை விசாரிப்பதற்கு முன், பட்டறைக்கு வரும் வேலையைக் கணக்கிட வேண்டும். 1250 x 2500 மில்லிமீட்டர் தகட்டை முழுதாகக் கிடத்த வேண்டுமா, பாதியாக வெட்டி வைத்தால் போதுமா என்பது மேசையின் அளவைத் தீர்மானிக்கிறது. தகட்டின் கனம் மின்மூலத்தின் திறனைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் வரையிலான மென்னெஃகுக்கு 40 முதல் 45 ஆம்பியர் வரையிலான மின்மூலம் பொதுவாகப் போதுமானது. ஆயினும், ஓரத்திலிருந்து வெட்டக்கூடிய கனம் வேறு; தகட்டின் நடுவில் துளையிட்டுத் தொடங்கக்கூடிய கனம் வேறு. பின்னது குறைவு. மேசை வேலைக்குத் துளையிடும் திறனையே கருத வேண்டும். டியூட்டி சைக்கிளும் முக்கியம். அது 60 சதவீதம் எனில், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமே அம்மின்னோட்டத்தில் வெட்ட இயலும்.

மின்மூலமும் காற்றும்

அழுத்தப்பட்ட காற்று நாசிலின் குறுகிய துளை வழியே மின்வில்லுடன் பாயும்போது பிளாஸ்மாவாகிறது. அது உலோகத்தை உருக்கி, உருகியதை ஊதித் தள்ளுகிறது. வில்லைத் தொடங்க இரு முறைகள் உண்டு. உயர் அதிர்வெண் பொறியால் தொடங்குவது ஒன்று. எலெக்ட்ரோடைக் காற்றழுத்தத்தால் நாசிலிலிருந்து விலக்கித் தொடங்குவது மற்றொன்று. முதல் வகைக் கருவி விலை மலிவு. ஆனால் அதன் பொறி எழுப்பும் மின்னிரைச்சல் கணினியையும் மோட்டார் டிரைவுகளையும் குழப்பி, வேலையை நடுவில் கெடுக்கக் கூடும். மேசைக்கு இரண்டாவது வகையே ஏற்றது.

காற்றில் ஈரம் இருத்தலாகாது. ஈரக்காற்று எலெக்ட்ரோடையும் நாசிலையும் விரைவில் தேய்த்துவிடும். கம்ப்ரஸரின் தொட்டி பெரிதாயிருப்பது மட்டும் போதாது. மின்மூலம் கேட்கும் அழுத்தத்தில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்றை இடைவிடாது தருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏர் டிரையரின் செலவைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்ப்பது நலம்.

செய்வதும் வாங்குவதும்

பிளாஸ்மா தகட்டைத் தொடாமல் வெட்டுவதால் கருவியின் மீது வெட்டு விசை இல்லை. ஆகவே, மில்லிங் இயந்திரத்தின் கனத்த அடித்தளம் இதற்குத் தேவையில்லை. ஐ.எஸ். 4923 தரத்திலுள்ள இரும்புக் குழல்களால் சட்டத்தைப் பட்டறையே பற்றவைத்துக் கொள்ளலாம். குறுக்குப் பாலம் மட்டும் இலேசாகவும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும். மெல்லிய தகட்டில் டார்ச் விரைந்து திரும்ப வேண்டியிருப்பதே காரணம்.

லீனியர் ரெயில், ரேக், பினியன், மோட்டார், டிரைவ் ஆகியவை வாங்க வேண்டியவை. இவற்றில் விலையைவிடப் பொது அளவே பெரிது. நீமா 23 அளவு மோட்டாரும் மாடூல் 1 ரேக்கும் ஒரு தயாரிப்பாளரை மட்டும் சார்ந்தவை அல்ல. பழுதானால் மாற்று எளிதில் கிட்டும். கணக்கும் எளிது. மாடூல் 1, 20 பற்கள் கொண்ட பினியன் ஒரு சுற்றில் 62.8 மில்லிமீட்டர் நகர்த்தும். பெல்ட்டால் 3:1 குறைத்தால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 20.9 மில்லிமீட்டர். சுற்றுக்கு 1600 அடிகள் வைத்தால் ஓர் அடி 0.013 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 8 மீட்டர் வேகத்திலும் மோட்டார் ஏறக்குறைய 380 சுற்றுகளே சுழலும். ஸ்டெப்பர் மோட்டாருக்கு இது இயலும் வேகமே.

கட்டுப்பாடும் பாதுகாப்பும்

சூட்டினால் தகடு வளையும். டார்ச்சுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறினால் விளிம்பு சாய்ந்துவிடும். இடைவெளி கூடும்போது வில்லின் வோல்ட்டேஜும் கூடுகிறது. அதனை அளந்து டார்ச்சை ஏற்றி இறக்குவதே உயரக் கட்டுப்பாட்டுக் கருவியின் பணி. சிக்கனம் கருதி இதனைத் தவிர்த்த மேசை, மெல்லிய தகட்டில் டார்ச்சை மோதவிடும்.

மென்பொருளுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அமெரிக்க அரசின் தேசியத் தர நிறுவனம் 1990களில் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து வளர்ந்த லினக்ஸ்சி.என்.சி. இன்று எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. எர்த் இணைப்பு மட்டும் ஐ.எஸ். 3043 விதிமுறைப்படி, தகுதி பெற்ற மின்பணியாளரால் அமைக்கப்படல் வேண்டும்.

புகையை அடக்கத் தகட்டின் கீழ் நீர்த்தொட்டி வைப்பது வழக்கம். துத்தநாகம் பூசிய தகடும் துருப்பிடிக்கா எஃகும் வெளிவிடும் புகை நுரையீரலுக்குக் கேடு. எனவே காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம். அலுமினியத்தை நீர்த்தொட்டியின் மேல் வெட்டினால் ஹைட்ரஜன் தேங்கி வெடிக்கும் அபாயம் உண்டு.

வாங்கும் வரிசை

முதலில் மின்மூலமும் கம்ப்ரஸரும் வாங்கப்படல் வேண்டும். கை டார்ச்சுடன் அவை அன்றே வருவாய் ஈட்டத் தொடங்கும். அவ்வருவாயில் சட்டமும் ரெயில்களும் எழும்பலாம். மின்னணுப் பாகங்களை இறுதியில் வாங்குவதே அறிவுடைமை. இல்லையேல் சட்டம் முடியுமுன் அவற்றின் உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும். இவ்வாறு படிப்படியாக அமைக்கும் மேசைக்கு வேறொரு சிறப்பும் உண்டு: அதன் ஒவ்வொரு பாகத்தையும் தானே பொருத்திய தொழிலாளி, பழுது நேர்ந்த அன்றே அதனைச் சீர்செய்யவும் வல்லவனாகிறான்.