கைப்பிடியைத் தாங்குவது எது?

நம் பள்ளி மாடிப்படிக்கு இவ்வாண்டு இரும்புக் கைப்பிடி வைத்ததை அறிவீர்கள். அதைப் பொருத்த விழுப்புரத்திலிருந்து வந்த ஃபிட்டர் அண்ணனிடம் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கற்ற பாடம் இது.

குழந்தைகள் நடக்க இடம் கூடுமே என்று எண்ணிய சிஸ்டர், “துளைகளை இன்னும் ஓரமாகப் போடலாமா?” என்று கேட்டார்கள்.

“வேண்டாம் சிஸ்டர். திண்டிவனம் பக்கம் குவாரியிலே பாத்திருப்பீங்களே, வரிசையா துளை போட்டு ஆப்பு அடிச்சா பாறையே பிளந்துடும். இந்த போல்ட்டும் ஒரு ஆப்புதாங்க. ஓரத்திலே போட்டா படி தெறிச்சுடும்” என்றார் அண்ணன்.

அது எவ்வாறு? கடைகளில் ‘ஆங்கர் பாஸ்னர்’ எனப்படும் இந்தப் போல்ட்டின் அடிமுனை கூம்பாக இருக்கும். அதைச் சுற்றி ஓர் உறை உண்டு. நட்டை முடுக்கும்போது கூம்பு இழுபட்டு உறைக்குள் ஏறுகிறது. உறை விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. அதனால் உண்டாகும் உராய்வே போல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. சுற்றிலும் போதிய கான்கிரீட் இருந்தால் அந்த அழுத்தம் பிடிப்பாகும், இல்லையேல் பிளவாகும்.

அவர் செய்த முறை:

1. மேற்பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் ஆழத்தை அளந்து, போல்ட்டுக்கு உரிய டிரில் பிட்டால் நேராகத் துளையிட்டார். ஓரிடத்தில் உள்ளே கம்பி தட்டுப்பட்டதும் துளையின் இடத்தை மாற்றினார்.

2. துளையை ஊதி, பிரஷால் தேய்த்து, மீண்டும் ஊதினார். நாங்கள் சிரித்தோம். “தூசி இருந்தா பிடிப்பு வழுக்கும் பாப்பா” என்றார்.

3. மரை நசுங்காதபடி நட்டை நுனியில் வைத்து, போல்ட்டைச் சுத்தியால் அடித்து இறக்கினார்.

4. வாஷர் இட்டு, குறித்த அளவுக்கு மட்டுமே முடுக்கினார். மிகையாக முடுக்கினால் மரை அறும்; அல்லது கான்கிரீட் விரிசல் விடும்.

கண்ணுக்குத் தெரியாத போல்ட்டு கைவிட்டால் என்ன ஆகும்? ஜப்பானின் சசாகோ சுரங்கச் சாலையில் 2012 டிசம்பர் 2 அன்று கூரையின் கான்கிரீட் பலகைகள் சரிந்து 9 பேர் இறந்தனர். அங்கிருந்தவை பசையிட்டு ஊன்றிய போல்ட்டுகள். வகை வேறானாலும் பாடம் ஒன்றே: பிடிப்பு தளர்ந்தால் பாரம் விழும்.

இப்போது நம் சின்னத் தங்கைகள் அந்தக் கைப்பிடியில் சாய்ந்தபடி இறங்குகிறார்கள். துளைக்குள் தூசி இருக்கிறதா என்று இனி எவராலும் பார்க்க முடியாது. அதனால்தான் அண்ணன், எங்கள் சிரிப்பைப் பொருட்படுத்தாமல், அன்றே ஊதித் துடைத்தார்.