பழைய கணப்புக் கிராதி: துரு போகட்டும், பூ வேலை நிற்கட்டும்

பிளவக்கல் பக்கத்து வெயிலுக்குக் கணப்படுப்பு எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனாலும் கொடைக்கானல், ஊட்டி பங்களாக்களில் கழற்றிய வார்ப்பிரும்புக் கிராதி ஒன்று பழைய சாமான் கடை வழியே ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ வந்து உங்கள் கையில் கிடைத்தால், முதல் வேலை சுத்தம் செய்வதல்ல, பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது. பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்கு வைர வடிவ முத்திரை உண்டு. அதன் உச்சி வட்டத்தில் ரோமன் எண் ஒன்று இருந்தால் உலோகப் பொருள் என்று அர்த்தம். 1884 முதல் வெறும் பதிவு எண். சாக்பீஸ் தூளை லேசாகத் தேய்த்தால் எழுத்து தெரியும். அப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முத்திரையும் முகப்பிலுள்ள கொடி, இலை நரம்புகளும் மேலோட்டமாக வார்த்தவை. அதனால்தான் கிரைண்டர் வேண்டாம் என்கிறேன். "மெஷினில் கொடுத்தால் அரை மணியில் பளபளக்குமே" என்பார்கள். பளபளக்கும், ஆனால் அதோடு நரம்பும் போகும். போனதைத் திரும்ப வார்க்க முடியாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காமலும் சூடுகாட்டாமலும், பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டுங்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டு, குழந்தைகள் இல்லாத திறந்தவெளியில் செய்வது நல்லது. பிறகு துருவில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, அகலப் பரப்பைக் கம்பி பிரஷ்ஷாலும், பூவின் மடிப்புகளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் தேய்க்க வேண்டும். கருஞ்சாம்பல் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். வெள்ளி நிறம் வரும்வரை விடாமல் தேய்ப்பது வீண். புளிக்கரைசலில் ஊறப்போடுவது பித்தளைக்குச் சரி; இரும்பில் அமிலம் தங்கினால் மறுநாளே துரு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம், பங்குனி வெயில்தான் தோது.

மெருகுக்கு கிராஃபைட் தூள் கலந்த கறுப்புப் பாலிஷைத் துணியில் தொட்டு, மெல்லிய பூச்சாகத் தேயுங்கள். எனாமல் பெயிண்ட் துருவை இன்னும் நன்றாகத் தடுக்குமே என்றால், உண்மைதான். ஆனால் தடித்த பூச்சு பள்ளங்களை மூடிவிடும், நெருப்பு மூட்டினால் கருகி நாறும். காட்சிக்கு மட்டும் வைப்பதானால் பாலிஷுக்கு மேல் மெழுகு பூசலாம், நெருப்பு மூட்டுவதானால் மெழுகு கூடாது. விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள்: கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். சாதாரண வெல்டிங் ராடு அதற்கு ஒத்துவராது. வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி நிக்கல் ராடால் ஒட்டத் தெரிந்தவர் கிடைக்கும்வரை, அதில் நெருப்பு மூட்டாதீர்கள்.