சிறிய நாய்களின் காது பராமரிப்பு

கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றுடன் ஒரு நாயும் வளர்க்காத உழவர் வீடு குறைவு. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற பெரிய நாட்டு நாய்களை விட்டு, தீனிச் செலவு குறைவாக உள்ள சிறிய நாய்களை வளர்ப்பவர்கள் கிராமங்களிலும் இப்போது பலர் உள்ளனர். பொமரேனியன் என்று பெயர் சொல்லி வளர்க்கப்படும் வெள்ளை நாய், காது தொங்கும் டாஷண்ட் நாய், இவற்றின் கலப்பில் பிறந்த குட்டை நாய்கள் ஆகியவை இவ்வகையில் அடங்கும். இவை உருவில் சிறியவையானாலும், இரவில் களத்திலும் தொழுவத்திலும் சிறு சத்தம் கேட்டாலே குரைத்து வீட்டாரை எழுப்பிவிடும். இந்த வேலையை அவை செய்வது காதைக் கொண்டுதான்.

காதில் நோய் வந்த நாய்க்கு நாளடைவில் செவிடு ஏற்படலாம். அதைவிட முக்கியமான மற்றொன்றும் உண்டு. காது வலிக்கும் நாய், தன்னை ஆசையோடு தடவ வரும் குழந்தையையே கடித்துவிடும். எனவே நாயின் காதைக் கவனிப்பது வீட்டிலுள்ள குழந்தைகளின் பாதுகாப்பையும் சேர்ந்தது. இதற்கு அதிகச் செலவு இல்லை. வாரத்தில் பத்து நிமிடமும் சிறிது பஞ்சும் போதும்.

காதின் அமைப்பு

மனிதனுடைய காதுக்குழல் ஏறக்குறைய நேராக உள்ளது. நாயின் காதுக்குழல் அப்படியன்று. மடலின் அடியிலிருந்து முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு தலையின் உட்பக்கமாகத் திரும்பிச் செவிப்பறையில் முடிகிறது. மண்வெட்டியின் இலையும் காம்பும் சேரும் இடத்தைப் போல அதில் ஒரு வளைவு இருக்கிறது. இந்த அமைப்பினால் காதில் போன தண்ணீரும் தூசியும் எளிதில் வெளியே வருவதில்லை. பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுக் குடைந்தால் குறும்பி வெளியே வருவதற்குப் பதிலாக வளைவுக்கு அப்பால் தள்ளப்பட்டு, செவிப்பறையின் மேல் அடைத்துக்கொள்கிறது. ஆகவே நாயின் காதுக்குழலில் குச்சி, கொண்டை ஊசி, தீக்குச்சி எதையும் விடவே கூடாது.

பிறந்த குட்டிகளின் காது மூடியிருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில்தான் திறக்கும். அதுவரை காதில் கை வைக்க வேண்டியதில்லை.

எந்த நாய்க்குக் கவனம் அதிகம் வேண்டும்?

காது தொங்கும் நாய்களுக்கு மடல் மூடியே இருப்பதால் உள்ளே காற்றோட்டம் குறைவு. ஈரமும் வெப்பமும் சேர்ந்து பூஞ்சணம் வளர இடமாகிறது. வாய்க்காலிலும் பம்பு செட்டுத் தொட்டியிலும் குதித்து நீந்தும் நாய்க்கும் இதே தொல்லை வரும். காது நிமிர்ந்து நிற்கும் வெள்ளை நாய்களுக்குக் காற்றோட்டம் நன்றாக உள்ளது. ஆனால் காதின் பின்புறத்திலும் அடியிலும் உள்ள நீண்ட முடி சடை பிடித்து, அதில் ஒட்டுப்புல்லும் உண்ணியும் ஒளிந்துகொள்ளும். நிமிர்ந்த காதின் திறந்த குழியில் தூற்றும் களத்துத் தூசியும் எளிதில் விழும்.

வாரம் ஒரு முறை பாருங்கள்

வாரத்தில் ஒரு நாள், வெளிச்சமுள்ள நேரத்தில், இரண்டு காதுகளையும் மடித்துப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள். நல்ல காதின் உட்பக்கம் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். சிறிது மஞ்சள் அல்லது இளம் பழுப்புக் குறும்பி இருக்கலாம். கெட்ட நாற்றம் இருக்காது. தொட்டால் நாய் வலியால் கத்தாது. இப்படி இருந்தால் அந்தக் காதை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதே நல்லது. சுத்தமாக உள்ள காதை அடிக்கடி கழுவினால் தோல் புண்பட்டு, இல்லாத நோய் வந்து சேரும்.

குட்டிப் பருவத்திலிருந்தே காதைத் தொட்டுப் பார்த்து, முடிந்ததும் ஒரு பிஸ்கட்டோ ஒரு கருவாட்டுத் துண்டோ கொடுத்துப் பழக்கி வந்தால், வளர்ந்த பிறகு நாய் முரண்டு பிடிக்காது.

சுத்தம் செய்யும் முறை

காதில் அழுக்கு தெரிகிறது, ஆனால் வலியோ சீழோ புண்ணோ இல்லை என்றால் நீங்களே சுத்தம் செய்யலாம். தேவையானவை: கால்நடை மருந்துக் கடையில் நாய்க்கென்று கிடைக்கும் காது கழுவும் திரவம், சுத்தமான பஞ்சு, பழைய துண்டு ஒன்று, உதவிக்கு ஓர் ஆள்.

1. நாயைத் திண்ணையிலோ மேசையிலோ துண்டு விரித்து உட்கார வையுங்கள். வீட்டில் அதற்குப் பழகியவர் ஒருவர் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும்.

2. திரவப் புட்டியைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த திரவம் காதில் விழுந்தால் நாய் துள்ளும்.

3. மடலை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, புட்டியின் முனை காதுக்குள் படாமல், குழி நிறையும் அளவுக்குத் திரவத்தை விடுங்கள்.

4. மடலின் அடிப்பகுதியைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அரை நிமிடம் மெல்லப் பிசைந்துவிடுங்கள். உள்ளே திரவம் சளசளவென்று அசையும் ஓசை கேட்கும். குழலில் ஒட்டியுள்ள குறும்பி இதனால் கரையும்.

5. கையை எடுத்து நாயைத் தலை உதற விடுங்கள். வளைவுக்கு அப்பாலுள்ள அழுக்கை வெளியே கொண்டு வருவது இந்த உதறல்தான். ஆகவே இதை வாசலில் வைத்துச் செய்வது நல்லது.

6. விரலில் பஞ்சைச் சுற்றி, விரல் இயல்பாக எட்டும் அளவுக்கு மட்டும் துடையுங்கள். ஒரு காதுக்கு எடுத்த பஞ்சை மறு காதுக்குப் பயன்படுத்தக் கூடாது.

மடலின் உட்புறத்தில் மட்டும் தூசி படிந்திருந்தால் திரவம்கூட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அதில் பஞ்சை நனைத்துப் பிழிந்து மடலைத் துடைத்தால் போதும்.

நாயைக் குளிப்பாட்டும் முன் ஒவ்வொரு காதிலும் வெளியே எடுக்க வருமளவு சிறு பஞ்சு உருண்டையை வைத்துவிட்டு, குளித்ததும் மறவாமல் எடுத்துவிட வேண்டும். நீந்தி வந்த நாயின் காது மடலை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

முடியை ஒழுங்கு செய்தல்

காதின் பின்புறச் சடையை முதலில் விரலால் பிரித்து, பிறகு சீப்பால் வார வேண்டும். பிரிக்க முடியாத சடையை வெட்டத்தான் வேண்டும். அப்போது தோலுக்கும் சடைக்கும் நடுவே சீப்பைச் செருகிக்கொண்டு, சீப்புக்கு மேலாக மட்டும், முனை மழுங்கிய கத்தரியால் வெட்டுங்கள். சிறிய நாயின் காது மடல் மிக மெல்லியது. சடையோடு சேர்த்து மடலை நறுக்கிவிடுவது எளிதில் நேரும் விபத்து.

காதுக்குழலின் உள்ளே வளரும் முடியை வழக்கமாகப் பிடுங்க வேண்டும் என்று சிலர் சொல்வர். காது நன்றாக இருக்கும்போது பிடுங்கத் தேவையில்லை. பிடுங்கிய இடம் வீங்கி நோய்க்கு வழி செய்யும். முடி அடர்ந்து காது அடைபட்டிருந்தால் கால்நடை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

உண்ணி

மடலின் ஓரத்திலும் உட்குழியிலும் உண்ணிகள் கொத்தாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் குடிப்பதோடு இவை காய்ச்சலையும் பரப்புகின்றன. தீனி எடுக்காமை, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல், சிறுநீர் காப்பி நிறத்தில் போதல் ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள். காலம் தாழ்த்தினால் நாய் இறந்துவிடும்.

உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் சீராக இழுத்து எடுக்க வேண்டும். எடுத்த உண்ணியை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டிலோ கொதிநீரிலோ போடுங்கள். பீடி நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் கூடாது.

நாயில் பெருகும் பழுப்பு உண்ணி வயிறு நிறையக் குடித்த பின் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் மேல் மட்டும் மருந்து போட்டால் பயன் பாதிதான். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காய வையுங்கள். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள்.

உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள்

காதைச் சுத்தம் செய்து பார்க்கலாம் என்று நினைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போக வேண்டிய நிலைகள் இவை:

காப்பித்தூள் போன்ற கருமையான அழுக்கும் ஓயாத சொறிதலும் இருந்தால் காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். கண்ணுக்கு வெண்புள்ளி போலவே தெரியும் இப்பூச்சி, முட்டையிலிருந்து வளர்ந்து மீண்டும் முட்டையிட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். மற்ற நாய்க்கும் பூனைக்கும் தொற்றும். ஆகவே மருத்துவர் சொன்ன நாள் வரை, வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் சேர்த்து மருத்துவம் செய்ய வேண்டும்.

பழுப்பு நிறக் கசிவும் புளித்த வாடையும் பூஞ்சணத்தைக் காட்டும். மஞ்சள் சீழும் துர்நாற்றமும் நுண்கிருமிகளைக் காட்டும். எது என்று பரிசோதித்த பிறகே மருந்து தர முடியும்.

மேயப் போய் வந்த நாய் திடீரென ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து உதறினால், ஊசிப்புல் போன்ற புல்லின் முள் காதில் ஏறியிருக்கலாம். அது முன்னேறிப் போகுமே தவிரத் தானாக வெளியே வராது.

மடல் பலூன் போல் உப்பினால், ஓயாத உதறலால் உள்ளே இரத்தக் குழாய் உடைந்து இரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள். ஊசியால் குத்தி வடிக்காதீர்கள். மீண்டும் நிரம்பும், சீழும் பிடிக்கும்.

மடல் நுனியை ஈக்கள் கடித்துப் புண்ணாக்கி, அதில் புழு வைத்தால் ஒரே நாளில் புண் ஆழமாகும். அன்றே காட்ட வேண்டும்.

தலை சாய்ந்தே இருத்தல், தள்ளாடி நடத்தல் ஆகியவை நோய் உட்காது வரை போய்விட்டதைக் காட்டும்.

கைமருந்தால் வரும் கேடு

வேப்பெண்ணெயைச் சுட வைத்து ஊற்றுதல், பினாயில், மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு விடுதல் ஆகியவை காதுத் தோலை வேக வைக்கும். செவிப்பறை ஏற்கெனவே கிழிந்திருந்தால், காதில் விடும் நல்ல மருந்துகூட உட்காது வரை சென்று நிரந்தரச் செவிட்டை உண்டாக்கக் கூடும். செவிப்பறை நன்றாக உள்ளதா என்பதை உரிய கருவியால்தான் பார்க்க முடியும். வலியுள்ள காதில் நீங்களாக எதையும் விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சென்ற ஆண்டு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தின் மிச்சத்துக்கும் இது பொருந்தும்.

வயலுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியைக் கலக்கி நாய் மேல் பூசும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. நாய் உடம்பை நக்கி விஷத்தை உட்கொள்ளும். வாயில் நுரை தள்ளி, வலிப்பு வந்து இறக்க நேரிடும். நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகளிலும் பெர்மெத்ரின் கலந்தவை பூனைக்கு விஷமாகும்.

மாட்டுக்குப் போட்டு மீந்த ஐவர்மெக்டின் ஊசி மருந்தை நாய்க்குப் போடுவதும் கூடாது. கணக்கைப் பாருங்கள். 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு இம்மருந்து 6 மில்லி. அதே கணக்கில் 5 கிலோ நாய்க்கு 0.1 மில்லி, அதாவது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே வரும். கொஞ்சம்தானே என்று ஒரு மில்லி ஏற்றினால் பத்து மடங்கு ஏறிவிட்டது. காலி இன நாய்க்கும் அதன் கலப்புக்கும் குறைந்த அளவுகூட நரம்பைத் தாக்கலாம்.

கடிபட்டால்

காது வலியுள்ள நாயைக் கையாளும் முன் ஒரு நாடாத் துணியால் வாயைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும் நாய்க்குக் கட்டக் கூடாது. காரணமின்றிப் பாயும் நாய், தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாய், குரல் மாறிய நாய் ஆகியவற்றின் காதையோ வாயையோ தொடவே தொடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம்.

எந்த நாய் கடித்தாலும், தடுப்பூசி போட்ட சொந்த நாயே ஆனாலும், கடிவாயை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதையும் வைக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறிகுறி தோன்றிய பின் வெறிநோயைக் குணப்படுத்த வழியில்லை. நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசியும், மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஊசியும் போட்டு வர வேண்டும்.

பருவத்துக்கு ஏற்ற கவனிப்பு

ஐப்பசி, கார்த்திகை மழையில் காது ஈரமாகாமல் பாருங்கள். தை, மாசியில் அறுவடைத் தூசியும் காய்ந்த புல்லின் முள்ளும் தொல்லை தரும். களத்திலிருந்து வந்ததும் காதையும் கால் விரலிடுக்கையும் பாருங்கள். கோடையில் உண்ணி பெருகும். தினமும் ஒரு முறை மடலைத் தடவிப் பாருங்கள்.

மாட்டின் மடியைக் கறக்கும் முன் பார்ப்பது போல, நாய்க்குச் சோறு வைக்கும்போது காதையும் ஒரு முறை மடித்துப் பார்க்கும் பழக்கத்தை வீட்டிலுள்ள பெரியவர்கள் ஏற்படுத்திக்கொண்டால் பெரும்பாலான காது நோய்களைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். ஐயம் ஏற்பட்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகி ஆலோசனை பெறவும்.